ரஷ்யாக்காவின் நாற்பதடித் துணி

முதல் நாளே அந்த அம்மாவோடு எனக்குச் சண்டை. கல்மண்டபம் பக்கத்தில் என் தையல் கடைக்கு அப்போதுதான் வாடிக்கை பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு பாவாடை தைக்கக் கொடுத்திருந்தாள். சொன்ன நாளில் தைத்து நீட்டினேன். அதைக் கையில் வாங்காமல், கடை வாசலில் ஹேங்கரில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் போய் எதிரே டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி என் கடையைப் பார்த்தாள். நடுவில் ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு லாரி போனதும் கொஞ்சம் பார்ப்பாள். அடுத்தது வந்து மறைக்கும். அது நகரும்வரை அசையாமல் நிற்பாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னையும் பாவாடையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

திரும்பி வந்து, "இடுப்பு சரியில்ல. ஒரு பக்கம் தூக்கினு கீது," என்றாள்.

வெள்ளைக்காரம்மா வாயிலிருந்து "தூக்கினு கீது" வந்ததற்கு நான் சிரித்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "ரோட்டுக்கு அந்தாண்ட நின்னுகினு பாத்தா இடுப்பு எப்டி தெரியும்? கிட்ட வந்து பாரு," என்றேன்.

"கிட்ட பாக்குறவன் என் புருசன் ஒருத்தன்தான். ஊரு தூரத்துல நின்னுதான் பாக்குது."

டீக்கடை வரைக்கும் கேட்கிற குரல் அது. அங்கே ஒருவர் புரையேறி இருமினார். அவள் போன பிறகு டேப் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்ன பக்கம் அரை விரல் தூக்கித்தான் இருந்தது. பிரித்துத் தைத்துக் கொடுத்தேனே தவிர, தப்பு என்று கடைசிவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவள் ரஷ்யாக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்று மாமாவே கிண்டல் செய்வார். மாமா என்றால் அவள் கணவர், ராயபுரத்துக்காரர். கப்பல் எஞ்சின் படிப்பு படிக்க ரஷ்யாவுக்குப் போனவர், அங்கே கடல் உறைந்து போகிற ஒரு துறைமுக ஊரில் இவளைப் பார்த்துக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். அந்த ஊர் நாடகக் கொட்டகையில் அக்கா பன்னிரண்டு வருஷம் மேடைப் படம் வரைந்திருக்கிறாள். திரை மட்டும் இல்லை. அரண்மனை, காடு, ராஜா உட்காருகிற நாற்காலி, ராணி உடுத்துகிற துணி, எல்லாவற்றுக்கும் என்ன நிறம் என்று முடிவு செய்வதும் அவள்தான். "மொதோ வரிசைக்காரன் எப்டியும் பாத்துடுவான். நாங்க கடைசி வரிசைக்காரனுக்குத்தான் வரையணும். அவனும் டிக்கெட்டு வாங்கினுதானே வந்துகிறான்?" என்பாள்.

அந்தப் புத்தி அவளை விட்டுப் போகவே இல்லை. எதைப் பார்ப்பதானாலும் பத்தடி பின்னால் போய்விடுவாள். காசிமேட்டில் மீன் வாங்கும்போதுகூட. "செவுளைத் தூக்கிப் பாரும்மா" என்று மீன்காரம்மா நீட்டுவார். இவள் பின்னால் பின்னால் நகர்ந்து யார் காலையாவது மிதித்துவிடுவாள். வீட்டில் சின்னதாக ஏதாவது வரைந்தால் அதை எதிர்வீட்டு மொட்டை மாடியில் சாய்த்து வைத்துவிட்டு, இங்கே தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பாள். ஒருமுறை காற்றில் அது சாய்ந்து, எதிர்வீட்டம்மா காயவைத்திருந்த கருவாட்டின் மேல் பச்சைப் பெயிண்டோடு விழுந்தது. அன்றைக்குக் கிளம்பிய சண்டையை நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டோம்.

மாமாவுக்கு முன்கோபம். கத்த ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும். அக்கா பதிலே பேச மாட்டாள். எழுந்து நடையின் அந்தக் கோடிக்குப் போய் நின்று, கண்ணைச் சுருக்கி அவரைப் பார்ப்பாள். அவ்வளவுதான். "இவ இப்டி பாத்தா நானே நாடகத்துல நடிக்கிறமாரி கீதும்மா, அப்பால எங்க கத்துறது?" என்று மாமா என்னிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

தமிழை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. மீன் மார்க்கெட்டில் கற்றுக்கொண்டாள். அதனால் மரியாதைப் பேச்சு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. எங்கள் சர்ச்சுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் முப்பது வயதுக்காரர். அவரையே, "இன்னா நைனா, சாப்ட்டியா?" என்று கேட்டவள். சாமியாரும் நல்ல மனுஷர், "சாப்ட்டேன்மா" என்று சிரித்தார்.

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். உள்ளே வரச் சொன்னால் வராமல் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியே மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும், "பையன் ஷோக்கா கீறான். ஆனா நீங்க ஒண்ணு கேட்டா மொதல்ல அம்மாவ பாக்குறான், அப்பாலதான் வாயத் தொறக்குறான்," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி பரிமாறிய எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. நல்ல வேலை, நல்ல குடும்பம் என்று கல்யாணம் செய்துவிட்டோம். என் தங்கை இன்றைக்கும் ஒரு குக்கர் வாங்க மாமியார் தலையாட்டலுக்குக் காத்திருக்கிறாள்.

மாமா காலமான பிறகு அக்கா வெளிநாட்டில் இருக்கிற மகளோடு போய்விட்டாள். வாட்ஸப்பில் குரல் அனுப்புவாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிற படத்துக்கு மேலே அந்தக் குரல், "இன்னா ஸ்டெல்லா, எப்டி கீற? லாரிங்கோ இன்னும் நிக்குதா?" என்று கேட்கும். பத்து வினாடிக்கு மேல் கேட்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஏனென்றால் நான் அவளுக்கு ஒரு கெடுதல் செய்திருக்கிறேன். தெரிந்து செய்தேனா தெரியாமல் செய்தேனா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பங்கில் வெகு வருஷம் நின்றுபோயிருந்த ஏசுவின் பாடுகளின் நாடகத்தைத் திரும்பப் போடுவது என்று அந்த இளஞ்சாமியார் ஆசைப்பட்டார். பெரிய வெள்ளி சாயங்காலம், கோயில் மைதானத்தில் மேடை. திரைக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது அவரே அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டார். இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம். அதுவரை ஒரு ஜீவன் அவளை மேடைக்கு வரைந்து தா என்று கேட்டதில்லை. நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் டிராயிங் டீச்சராக இருந்தாள், அதோடு சரி.

சாமியார் படியிறங்கிப் போன அடுத்த நிமிஷம் அவள் என் கடைக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "ஸ்டெல்லா, நாப்பதடி! நாப்பதுக்கு இருவது!" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை என் மெஷின் முன்னால் நின்று அப்படி அழுதுகொண்டே சிரித்ததை நான் மறக்க முடியாது. "இத்த ஒயுங்கா செஞ்சிட்டா போதும், அப்பால நான் செத்தாலும் ஒண்ணுமில்ல," என்று சொன்னாள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காடாத் துணியை நான்தான் மூட்டித் தைத்தேன். என் மெஷின் அவ்வளவு நீளத்தை அதுவரை பார்த்ததில்லை. தைக்கத் தைக்கத் துணி கடையைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, ரோட்டோரம்வரை போயிற்று. எதிர் டீக்கடைக்காரர்தான் இந்தப் பக்கம் வந்து அந்த முனையை ரோட்டில் விழாமல் பிடித்துக்கொண்டார். வரைவதற்கு எர்ணாவூரில் மூடிக் கிடந்த ஒரு கம்பெனியின் கொட்டகையை பங்குக்காரர் ஒருவர் பேசி வாங்கிக் கொடுத்தார். நல்ல வழவழப்பான சிமெண்டுத் தரை. அக்காவுக்குத் தரைதான் முக்கியமாக இருந்தது. அது ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

பாடுகளின் வாரம் திங்கட்கிழமை அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். கொட்டகைக்குள் வெயிலும் வஜ்ஜிரப் பசை நாற்றமும். பக்கெட் பக்கெட்டாகப் பவுடர் பெயிண்டில் வஜ்ஜிரத்தைக் காய்ச்சி ஊற்றிக் கலக்கி வைத்திருந்தாள். துணி தரை முழுக்க விரித்துக் கிடந்தது. அக்கா அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். காலில் கம்பளி சாக்ஸ், கையில் மூங்கில் கழியில் கட்டிய துடைப்பம். அதைப் பெயிண்டில் முக்கி, வாசல் பெருக்குகிற மாதிரி இழுத்துக்கொண்டே துணிமேல் நடந்தாள். மூன்று சிலுவை வரைந்திருந்தது. நடுச் சிலுவையின் மேலேயே கால் வைத்து அந்தப் பக்கம் போனாள்.

தாளில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள் நான். சிலுவைமேல் மனுஷக் கால் பட்டு என் கண்ணால் பார்த்ததில்லை.

"இன்னா நிக்கிற? வா, மேல வா, நடுவுல வந்து பாரு!" என்று கூப்பிட்டாள். நான் ஓரத்திலேயே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் புரியவும் இல்லை. சாம்பலும் செம்மண்ணும் கரித் திட்டும். அதன்மேல் ஈர சாக்ஸ் பதித்த தடங்கள். சாப்பாட்டை வைத்துவிட்டு, கடையில் வேலை கிடக்கிறது என்று பொய் சொல்லித் திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் எமிலியக்கா ஈஸ்டர் பட்டு ரவிக்கைக்கு அளவு பார்க்க வந்தார். நாடகக் கமிட்டித் தலைவர் செபஸ்தி அண்ணனின் மனைவி. ஹார்பரில் மேஸ்திரியாக இருந்து ரிடையரானவர் செபஸ்தி அண்ணன். அவர் சொன்னால் பங்கில் மறுபேச்சு கிடையாது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு எமிலியக்காவின் தோளில் துணியைப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தேன். "ரஷ்யாக்காரம்மா எதுவரைக்கும் வரைஞ்சிகிறாங்கோ?" என்று கேட்டார். குண்டூசிகள் அப்படியே வாயில் இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வேலை மெனக்கெட்டுச் சொன்னேன். "வரையிறாங்கக்கா. ஆனா சிலுவைமேலயே கால வெச்சி நடக்குறாங்க. எனக்கு மனசே ஆறல."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் எமிலியக்கா முகத்தைப் பார்த்தேன். ஐயோ, இதை ஏன் சொன்னோம் என்று அப்போதே எனக்கு உறைத்தது. எமிலியக்கா ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், குண்டூசியோடே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் கொட்டகைக்குப் போனார்கள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நானும் பின்னாலேயே போனேன். அக்கா இரவோடு இரவாக வரைந்து முடித்திருந்தாள். அவர்கள் துணியின் ஓரத்தில் வரிசையாக நின்று குனிந்து பார்த்தார்கள். ஒருவர், "இன்னா இது, மீன் கயுவின தண்ணிமாரி கீது," என்றார். செபஸ்தி அண்ணன் சாக்ஸ் தடத்தை மட்டும் விரல் நீட்டிக் காட்டினார்.

"இன்னாம்மா இது?"

"என் காலு," என்றாள் அக்கா.

"சாமி சிலுவையில?"

"நாப்பதடி துணிய வேற எப்டி வரையிறது? அங்க எல்லாரும் இப்டித்தான் வரையிவோம். தரையில போட்டு, மேல நடந்துகினு."

"அங்க சாமி இல்லம்மா. இங்க கீது," என்றார் செபஸ்தி அண்ணன்.

அக்காவின் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாக, "ஒருவாட்டி தூக்கிக் கட்டு. கடைசி வரிசையில போயி உக்காந்து பாரு. அப்பவும் புடிக்கலன்னா நானே கிழிச்சிடுறேன். உன் கைய புடிச்சி கேக்கறேன், ஒரே ஒருவாட்டி," என்றாள். யார் கையையும் பிடித்து அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மிதித்ததைக் கோயில் மேடையில் தூக்கிக் கட்ட முடியாது என்று அவர் முடித்துவிட்டார். சாமியாருக்கு வருத்தம்தான். ஆனாலும் பெரியவர்களை எதிர்த்துப் புதுச் சாமியார் எவ்வளவு தூரம் நிற்க முடியும்? துணியைச் சுருட்டிக் கோயில் ஷெட்டில் போட்டார்கள். யார் போய்ச் சொன்னது என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரிய வெள்ளியன்று வாடகைத் திரை வந்து தொங்கியது. ஏதோ ராஜா காலத்து அரண்மனை, நீரூற்று, இரண்டு பக்கமும் இரண்டு மயில். ஹார்பரில் வின்ச் ஓட்டுகிற எங்கள் பையன் ஒருவன் ஏசுவாக நடித்தான். பாவம், உயிரைக் கொடுத்து நடித்தான். அவனைச் சிலுவையில் ஏற்றும்போது அவன் தலைக்குப் பின்னால் மயில் தோகை விரித்துக்கொண்டு நின்றது. முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா மைதானத்தின் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்தாள். அவள் இருக்கிற பக்கமே என்னால் திரும்ப முடியவில்லை. அன்றைக்கு உபவாசம் என்பதால் நான் சாப்பிடாததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மைதானத்துக்குப் போய்விட்டேன். மேடை பிரிக்க ஹார்பர் ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கயிறு வேலை தெரிந்தவர்கள். மயில் திரையை இறக்கி மடித்துவிட்டார்கள். "அண்ணா, ஷெட்ல ஒரு துணி கீது. அத்த அரை மணி நேரம் தூக்கிக் கட்டிடுங்கோ. உங்களுக்குப் புண்ணியமா போவும்," என்று கெஞ்சினேன்.

"செபஸ்தி அண்ணன் வந்தா பேஜாருமா."

"அவரு வரட்டும், நான் பேசிக்கிறேன்," என்றேன். என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். எதற்கு என்று கேட்டாள், சொல்லவில்லை. மைதானத்துக்குள் நுழைந்தபோது துணி பாதி உயரம் ஏறியிருந்தது. அக்கா நின்றுவிட்டாள். என் கையை இறுக்கிப் பிடித்துக் கடைசி வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நேற்றைய நாற்காலிகள் அப்படியே கிடந்தன. உட்கார்ந்தோம். துணி முழுதும் ஏறியது.

நான் ஓரத்தில் நின்று பார்த்த சாம்பலும் செம்மண்ணும் கரித் திட்டும் எங்கே போயிற்று? வானம். துணி முழுக்க வானம். எண்ணூர் முகத்துவாரத்தில் பொழுது சாயும்போது, சாம்பல் புகையும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து ஒரு நிறம் வருமே, அதே வானம். அடியில் உப்பங்கழி, ஒரு கோடு மாதிரி தண்ணீர். மேட்டில் மூன்று சிலுவை. துணிமேல் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த சிலுவைகள் இங்கிருந்து விரல் நீளம்தான் இருந்தன. அவ்வளவு பெரிய வானத்துக்குக் கீழே அவை தனியாக நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. கால் தடம் எங்கேயும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன்.

"அக்கா, கமிட்டிக்கு சொன்னது நான்தான்," என்றேன்.

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். உன்ன தவிர அங்க யாரும் வர்ல."

"அப்பால ஏன்க்கா கேக்கல? ரெண்டு அறை உட்டிருக்கலாம்ல?"

"அங்க எனக்கு ஒரு வாத்தியாரு இருந்தாரு. எங்க கொட்டாயிலயே பெரிய கை. ஒரு நாடகத்துல அறுவடை சீனு. வயலெல்லாம் தங்கமாரி இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. அவரு சாம்பல் கலரு அடிச்சாரு. ஏன் சார்னு கேட்டேன். 'நீ என்னைக்காவது வயல போய் பாத்தியா?'ன்னு கேட்டாரு. அத்த நான் கட்சிக் கமிட்டியில சொல்லிட்டேன்."

"பயந்துகினா?"

"பயம்லாம் இல்ல. நல்லதுன்னு நெனச்சிகினுதான் சொன்னேன். உன்னமாரியே." மூக்கை உறிஞ்சினாள். "அப்பால அவரு கையில யாரும் பிரஷ்ஷு குடுக்கல. டிக்கெட்டு கிழிக்கிற வேலையில போட்டாங்க. நாலு வருசம் தெனம் டிராம்ல எதிர்ல உக்காந்துகினு வருவாரு. நான் ஜன்னலுக்கு வெளிய பாத்துகினு வருவேன். அப்பால உங்க மாமா கட்டிக்கிறியான்னு கேட்டாரு, கப்பல் ஏறிட்டேன்."

என் முந்தானையை எடுத்து நீட்டினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ அஞ்சு நாள்ல வந்து சொல்லிட்ட ஸ்டெல்லா. நான் அவருக்கு லெட்டர் போடணும், போடணும்னு நெனச்சிகினே இருந்தேன். அவரு செத்துட்டாருன்னு அங்கிருந்து லெட்டர் வந்துச்சி."

அவள் முகத்தை அந்த மாதிரி நான் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் அவள் தோளைக் கட்டிக்கொண்டேன். கேட் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. செபஸ்தி அண்ணன். மேடையைப் பார்த்ததும் வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் வாசலிலேயே நின்றார். மேடைமேல் இருந்தவர்கள் பதறிப்போய் முடிச்சில் கை வைத்தார்கள்.

"எறக்காதீங்கோ!" என்று எழுந்து கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. "அண்ணே, சொன்னவ நான்தான், இப்பவும் நான்தான் கூப்புடறேன். இங்க வந்து உக்காந்து ஒருவாட்டி பாருங்கோ. அப்பால கிழிக்கிறதுனாலும் கிழிங்கோ!"

அவர் மேடையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மைதானம் முழுக்க நடந்து எங்களிடம் வந்தார். அக்காவுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். பிறகுதான் தலையை நிமிர்த்தினார். ரொம்ப நேரம் பார்த்தார். காற்றில் துணி லேசாக அசைந்துகொண்டிருந்தது.

பிறகு குனிந்து, காலிலிருந்த செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.